என் தையல்

மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்ததாம்.
"நான் விழலண்ணே, மிஷின்தான்" என்று
சிரித்துக்கொண்டே மேசையில் வைத்தான் சேவுகன்.
டிரில்லிங் மிஷின்.
விசைக்குப் பக்கத்தில் தொடங்கி
கம்பெனிப் பேர் ஒட்டிய இடம்வரை ஒரு விரிசல்.
இன்சுலேஷன் டேப் நாலு சுற்று.
அதற்கு மேல் ஒரு ரப்பர் பேண்ட், எதற்கென்று தெரியவில்லை.

கழனிவாசல் சாலையில் எல்லோரும் முதலில் கேட்பது
பசை போட்டால் போதாதா என்பதுதான்.
போதாது.
இது நைலான், கண்ணாடி நார் கலந்தது.
பசை இதன்மேல் உட்காரும், ஒட்டாது,
பெண் பார்க்க வந்த இடத்தில்
தூரத்துச் சித்தப்பா மாதிரி.

விரிசல் முடியும் இடத்தைத் தேட வேண்டும்.
கண்ணுக்குத் தெரிகிற முனையிலிருந்து
ஒரு நெல் தள்ளி இருக்கும் அசல் முனை.
முகப்பவுடரைத் தேய்த்துத் துடைத்தால்
வெள்ளையாய்க் காட்டிக்கொடுத்துவிடும்.
அங்கே ஒரு சின்னத் துளை.
அதைத் தாண்டி விரிசல் போகாது.

எட்டு ஸ்க்ரூ. கழற்றிக் கூட்டைப் பிரித்தேன்.
உள்ளே மாவு மாதிரித் தூசி:
கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறும் ஒரு வீட்டின்
பதினோரு குளியலறை.
ஊதினேன்.
தூசிக்குக் கீழே
ஏழு பின்கள்.
ஒன்றுவிட்டு ஒன்று சாய்ந்தவை,
கடைசி மட்டும் நேராக.
கறுப்பு கேபிள் டையை உருக்கி மூடிய மேடு.
பக்கத்தில் ஊசியால் கீறியது: அ.

நான் போட்டது.
அ என்றால் அடைக்கலம், பள்ளத்தூர்.
போன வருஷம் கொப்புடையம்மன் தேர் அன்று
சைக்கிள் கேரியரிலிருந்து மிஷின் போய்
நாலு நாள் என் கடை வாசலில் வந்து வந்து நின்றவர்,
நான் எடுத்து வைத்திருப்பேன் என்பதுபோல.
இப்போது அடுத்தவன் மிஷினில் நாள்கூலி.

"எங்க வாங்குனே?"
"பழைய இரும்புக் கடையில. தொள்ளாயிரம்.
வேல பாக்குமாண்ணே?
நாளைக்கு பைப்புக்கு ஒம்பது ஓட்டை போடணும்.
மேஸ்திரி திட்டுவாரு."
அவன் உள்ளங்கையில்
விரிசல் கவ்விய தழும்பு, பிறை அளவு.
டேப்பையும் மீறிக் கவ்வியிருக்கிறது.

கரண்ட் போனது.
சால்டரிங் அயர்ன் ஆறிக்கொண்டிருக்க
இருவரும் பேசவில்லை.
அவன் மேசையிலிருந்த ஒரு பின்னை எடுத்து
நிமிர்த்தினான், வளைத்தான், நிமிர்த்தினான்.
ஒடிந்தது.
"ஸாரிண்ணே."

கரண்ட் வந்தது.
துளை போட்டேன். புதிதாய் ஒன்பது பின் இறக்கினேன்.
எரிந்த முடி நாற்றம். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.
பழைய ஏழைத் தொடவில்லை.
அவை பிடித்துக்கொண்டுதான் இருந்தன.
இந்த முறை உடைந்தது வேறு இடம்.

"ஆறணும். காலைல வா" என்றேன்.
நைலான் ஆற இருபது நிமிஷம் போதும்.

அவன் போன பிறகு கூட்டை மூடி
ஏழு ஸ்க்ரூ முடுக்கினேன்.
எட்டாவது டப்பா மூடியில் கிடக்கிறது.
போனில் அடைக்கலம் பெயர்.
திரை மங்குகிறது, தொடுகிறேன்,
மறுபடி மங்குகிறது.

பள்ளத்தூரிலிருந்து முதல் பஸ் ஆறே காலுக்கு.
சேவுகன் ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னான்.