ரேடியோ இருந்த இடத்தில்

ரேடியோ இருந்த ஓட்டையில்
இரண்டு மீட்டர் மாட்டச் சொன்னேன்.
எண்ணெய்ச் சூட்டுக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று.
லியோங் தலையைச் சொறிந்தார்.
"பாட்டு வேணாமா லா?"
வேணாம்.
எழுபத்தெட்டாம் வருஷத்து டட்சன்.
தானே பாடிக்கொண்டுதான் ஓடுகிறது.

கம்பெனிக்காரன் கொடுத்தது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்.
அது பொய் சொல்லாது.
சாவுத் தந்தி மாதிரி
முடிந்த பிறகு சொல்லும்.
அதன் பித்தளைக் குமிழைக் கழற்றி
லியோங் குப்பையில் போடப் போனார்.
வாங்கிப் பழைய பேப்பரில் சுற்றி
டாஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
ஏன் என்று அப்போது கேட்டிருந்தால்
பதில் இருந்திருக்காது.

பதினேழு வருஷம்
ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து
குலை ஏற்றி வரும் லாரிகளைப் படித்தவள் நான்.
முள் நடுங்குவது வேறு,
முள் நகர்வது வேறு.

விடிகாலையில் சாவியைத் திருப்பினால் அறுபது பவுண்டு.
குளிர்ந்த எண்ணெயின் வீம்பு அது, பலம் இல்லை.
தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும்,
பகாவ் சந்தை முனை வருவதற்குள்.
எண்ணெய் மெதுவாகக் கோபப்படுகிற ரகம்.
தண்ணீர் முள்ளை நம்பி மிதித்தவர்கள்
லியோங் கடை பெஞ்சில் உட்கார்ந்து
கோப்பி ஆறுவதைப் பார்த்திருக்கிறார்கள்.
எண்பது டிகிரி தொடும்வரை நான் மிதிப்பதில்லை.
பின்னால் ஒரு மைவி ஹாரன் அடிக்கும்.
அடிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் புஷ்பநாதன்
அழுத்த மீட்டருக்குக் கங்காணி என்று பெயர் வைத்தார்.
"கண்ணு ரோட்டுல இருக்கட்டும், கங்காணிகிட்ட வேணாம்."
கேலிதான். ஆனாலும் சரியான பெயர்.
என்ஜினில் உழைக்கிற எண்ணெயிலேயே கொஞ்சம் பிரித்து
நூல் பருமன் குழாயில் மேலே கூட்டிவந்து
மிச்ச எண்ணெயைக் கண்காணிக்க வைத்திருக்கிறது.
கங்காணியும் அப்படித்தானே,
ஆளுக்குள்ளிருந்து எடுத்த ஆள்.

சிரம்பானில் கல்யாணம்.
ஐந்து பேர், இரண்டு தாம்பாளம், ஒரு பழக்கூடை.
புக்கிட் புத்துஸ் பழைய ரோட்டில் ஏறும்போது
உச்சி வெயில்.
நூற்றுப் பத்து. நூற்றுப் பதினாறு.
அழுத்தம் நாற்பதிலிருந்து முப்பத்தைந்து, முப்பது.
எண்ணெய் இளகுகிறது, அது இயல்பு,
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போது

முள் விழுந்தது.
பூஜ்யத்தில்.

சாவியைத் திருப்பினேன்.
நியூட்ரல்.
மிச்சமிருந்த வேகத்தில் புல்லோரம் உருண்டு நின்றது.
யாரும் பேசவில்லை.
பழக்கூடையில் ஒரு ஆரஞ்சு மட்டும் உருண்டது.

அளவுகோலை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன்.
மேல் கோட்டுக்கு ஒரு நெல் கீழே.
இருக்கிறது.
அப்புறம்தான் இடது பாதம் சுட்டது.
சேலைக் கரை முழுக்கக் கறுப்பு.
தகரத்தில் உரசி உரசி
அந்த நூல் குழாய் அறுந்திருந்தது.
என்ஜினுக்கு ஒன்றுமில்லை.
ஒழுகியது கங்காணி.

புஷ்பநாதன் சிரிக்காமல் இருக்க
ரொம்பச் சிரமப்பட்டார். அதற்காக அவரை மன்னித்தேன்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடுத்தேன்.
டாஷ்போர்டுக்குள்ளிருந்து பேப்பரைப் பிரித்தேன்.
பழைய பித்தளைக் குமிழ் அதன் பழைய துளையில்
பேச்சு வார்த்தை இல்லாமல் ஏறி உட்கார்ந்தது.
டிக்கியிலிருந்த அரை டின் எண்ணெயையும் ஊற்றினேன்.
சாவி. சிவப்பு எரிந்தது.
ஸ்டார்ட். அணைந்தது.

இறக்கம் முழுவதும்
எரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.
நாற்பது, முப்பது, எதுவும் தெரியவில்லை.
சூட்டு முள் மட்டும்
தொண்ணூற்றாறில் நின்று என்னோடு வந்தது.

மண்டபத்தில் யாரோ குனிந்து பார்த்துக் கேட்டார்கள்,
"சேலையில என்ன, சாம்பாரா?"
இருபது-ஐம்பது கிரேடு என்றால் யாருக்குப் புரியும்.
ஆமாம் என்றேன்.