பக்க ஓரம்

கிழமையில் ஆறு நாள்
பனடோல் எண்ணுகிற கை இது.
மல்லாவி ஆஸ்பத்திரியின் மருந்து யன்னலுக்குள் நின்று
"காலமை ஒண்டு, இரவு ஒண்டு, சாப்பிட்ட பிறகு"
சொல்லிச் சொல்லி
கனவிலும் யாருக்கோ அதையே சொல்கிறேன்.
ஞாயிறு மட்டும் சைக்கிள்.
முன்கூடையில் தேத்தண்ணிப் பிளாஸ்க்,
கடதாசியில் சுற்றிய ரொட்டி,
நூலகத்தில் எடுத்த பறவைப் புத்தகம்.

வவுனிக்குளத்துக் கட்டில்
காற்றுக்கு எதிராக மிதிக்க வேண்டும்.
திரும்பும்போது அது தள்ளிவிடும் என்று நம்பினால்
அதற்குள் அதுவும் திரும்பியிருக்கும்.

புத்தகம் பழசு. பிய்ந்த முதுகுக்குப்
பிளாஸ்டர் ஒட்டியது நான்தான், ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர்.
நாற்பத்திரண்டாம் பக்கம் இல்லை,
ஆகவே ஆந்தைகள் பாதிதான்.
எனக்கு முன்னால் யாரோ
ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்:
"துருசடி. மாசி ஒன்பது. மூன்று."
"பாலையில் கூடு. குஞ்சுச் சத்தம் மட்டும்."
"இந்தப் படத்தில் கால் நிறம் பிழை."
ஆள்காட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நீளமாக:
"இந்தப் பக்கம் இப்போது போகலாம்.
சிவப்புப் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.
பலகை இருந்தபோதும் இது அங்கேதான் முட்டையிட்டது."

அதை வாசித்த அன்று
தேத்தண்ணியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அறுபத்தேழாம் பக்கத்தில்தான் சண்டை.
"நீர்க்காகம். பட்ட மருதில் சிறகு உலர்த்துகிறது."
அந்த மருதை எனக்குத் தெரியும்.
அதில் நிற்பதன் கழுத்து பாம்பு, அலகு ஊசி.
மருந்துச் சீட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனையை எடுத்து,
வெட்கப்பட்டு வைத்துவிட்டு,
பென்சிலால் எழுதினேன்:
"பாம்புத்தாரா. தயவுசெய்து கழுத்தைப் பார்க்கவும்."

திருப்பிக் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்து,
மறுபடி எடுத்தால் பதில் கிடந்தது:
"மூன்று ஞாயிறு பார்த்தேன்.
நீங்கள் சொன்னதும் நிற்கிறது, நான் சொன்னதும் நிற்கிறது.
ஒரே கொப்பில்."

மூன்று ஞாயிறும் நானும் அங்கேதான் நின்றேன்.
வேறு யார் நின்றது?
மாடு சாய்க்கிற பொடியன் ஒருவன்.
துருசில் தூண்டிலோடு மரியசீலன்.
"அண்ணை, பறவைப் புத்தகம் வாசிக்கிறனீங்களோ?"
பொலித்தீன் பையைப் பிரித்து
துப்பறியும் நாவல் ஒன்றைக் காட்டினார்.
"கொலைகாரன்ர பேர் வாற நேரம் பாத்துத்தான் பிள்ளை
மீன் இழுக்கும்.
இதுவரைக்கும் ரெண்டையும் ஒண்டாப் பிடிச்சதில்ல."
அவர் சிரித்த சத்தத்தில்
மருதிலிருந்த இரண்டும் எழும்பிப் போயின.
எது எதுவென்று பார்க்க முடியவில்லை.

ஐப்பசி மழைக்கு முதல் கிழமை
நூலகர் திலகமலர் புத்தகத்தை வாங்கி
பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
"எழுதப்படாது எண்டு சுவரில எழுதிக் கிடக்கெல்லோ?"
ஆளுக்கு ஆள் மருந்து மாற்றிக் கொடுத்தவள்போல் நின்றேன்.
தண்டம் இருபது ரூபாய்.
லாச்சியைத் திறந்தார்.
அழிறப்பர், என் பாம்புத்தாரா போச்சு என்று நினைத்தேன்.
வந்தது எண்பது பக்கக் கொப்பியும் சணல் நூலும்.
பிளாஸ்டருக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு
ஆட்டுக்குட்டியைக் கட்டுவதுபோல்
கொப்பியைப் புத்தகத்தோடு கட்டினார்.
"எழுதுறதெண்டா இனி இதுக்குள்ள."

குளக்கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் திறந்தேன்.
முதல் பக்கம் வெறுமையாக இல்லை.
நீலப் பேனை. பதிவேட்டுக்குப் பழகிய எழுத்து.
திகதி, போன புரட்டாதி:

"செண்பகம். ஒன்று. நூலக யன்னல்.
பத்தரை மணி. வாசகர் எவருமில்லை.
பறக்கவில்லை. நடந்துதான் போனது."