கீச்சான் எடுத்த நாடா

கிணறு கிடையாது. ஓடை கிடையாது.
ஜித்தத் அல் ஹராசீஸில் தண்ணீர்
விடியுமுன் நடந்து வருகிறது
கடல் பக்கமிருந்து, வெள்ளையாக, காலோசை இல்லாமல்.
அதைப் பிடித்து வைக்க
இங்கே விரல் இருப்பது முள்ளுக்குத்தான்.

அவ்ஸஜ்.
என் இடுப்புயரம். இலை சில மாதம் உண்டு,
சில மாதம் இல்லை, அதன் இஷ்டம்.
நுனிக்கு ஒன்றாகத் துளி.
கம்பளியை அதன்மேல் போர்த்தி,
வெயில் தொடுமுன் பிழிந்தால்
அரைச் சட்டி தேறும்.
கறுப்பாடு மட்டும் காத்திருக்காது.
உதட்டைக் கூராக்கி
முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே நக்கிக்கொள்ளும்.

ஜின் குடியிருக்கும் செடி, வெட்டாதே என்பார்கள்.
ஜின்னைக் கண்டதில்லை.
கீச்சானைத்தான் கண்டேன்:
பல்லியைக் கொண்டுவந்து முள்ளில் குத்தி
நாளைக்கென்று தொங்கவிட்டுப் போகும்,
கசாப்புக்கடைக்காரனின் நிதானத்தோடு.

குளிர் குறையத் தொடங்கியபோது
வெள்ளை வண்டி வந்தது.
நப்ஹான் என்றான், மஸ்கட்காரன்,
எண்ணெய்க் குழாய்க்கு வழி அளப்பவன்.
செடியின் உச்சியில் சிவப்பு நாடா கட்டினான்.
"இதன் மேலேதான் போகிறது."
செடி அவன் கட்டைவிரலுக்குள் ஒரு முனையை ஒடித்தது.

உட்காரச் சொன்னேன்.
அதே கிளையில் இன்னொரு முள் ஒடித்து
முள்ளை முள்ளால் எடுத்தேன்.
கண்ணீர் வரவில்லை என்று காட்டிக்கொள்ள
மூன்று பழம் பறித்து மென்றான்.
சிவப்பு, மிளகைவிடச் சற்றுப் பெரியது.
"தக்காளி மாதிரி இருக்கிறதே!"
தக்காளிக்குத்தான் இதன் சாயல், என்றேன்.
இது முந்தி இங்கே.

பதினோரு நாள் கழித்துத் திரும்பினான்.
உச்சியில் நாடா இல்லை.
கையிலிருந்த கருவிக்கு இடம் தெரியும்,
நாடா எதற்கு? ஆனாலும் தேடினான்.
முள்ளை விலக்கிக் குனிந்தவன்
அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே, ஆட்டு மயிரும் வேர்நாரும் பின்னிய கிண்ணம்.
சுற்றிலும் அவன் நாடா,
இழை இழையாகக் கிழித்து.
நான்கு முட்டை.

மேலே கம்பியில்லாத வானத்தில்
கீச்சான் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது.

"குஞ்சு பறக்க எத்தனை நாள்?"
முப்பத்தைந்து ஆகும்.
அறுபது என்றேன்.
எழுதிக்கொண்டான்.
கட்டைவிரலில் கறுப்பாய் ஒரு புள்ளி இன்னும் இருந்தது.
வண்டியில் ஏறியவன் இறங்கி வந்து
கை நீட்டி, மிகக் கவனமாக,
இன்னும் ஒரு பழம் பறித்தான்.

அறுபதுக்குப் பிறகு என்ன சொல்வது,
இன்னும் யோசிக்கவில்லை.
கம்பளி நனைந்திருக்கிறது.
பிழிய வேண்டும்.