நாணயம் நின்ற இடம்

பழையது, போன மார்ச்சில்,
ஒரு பிர்ச் கட்டையை என் முகத்தில் எறிந்தது.
மேலுதட்டில் நான்கு தையல்.
அதன் குற்றமில்லை.
பன்னிரண்டு கிலோ ஈரக் கட்டையை
முப்பது கிலோ எந்திரத்தில் ஏற்றியவள் நான்.
மரம் கடையச் சொன்னால்
மோர் கடைந்தது பாவம்.

குளிர்காலம் முழுக்க விலைப்பட்டியல்கள்.
மீன் தட்டுக்கு அடியிலும் ஒன்று.
மைய உயரம், சுழல்தண்டின் மரை,
குதிரைத்திறன் ஒன்றரையா இரண்டா.
எய்னார் கேட்டான்:
“எத்தனை கிண்ணம்தான் வேண்டும்?
சூப் குடிப்பது இரண்டு பேர்.”
சிரித்தால் உதடு இழுக்கும். சும்மா இருந்தேன்.

குரெசாரே ஊரில் கடை.
ரைவோ என்ற பையன், காதில் பென்சில்,
ஒருநாளும் எழுதியிராத கூர்மை அதற்கு.
என்னைத் தாண்டி எய்னாரிடம் பேசினான்:
“அறுபது சென்டிமீட்டர் அகலம் வரை இதில்…”
எய்னார் ஜன்னலுக்கு வெளியே
யாருடைய நாயையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

தீவுக்கு ஓடும் படகின் எந்திர அறையில்
பத்தொன்பது வருஷம் நான்.
அதிர்வை எனக்குக் காது சொல்லாது,
கடைவாய்ப் பல் சொல்லும்.
பல்லைக் காட்டிப் பேரம் பேச முடியுமா?
இரண்டு யூரோ நாணயம் ஒன்றை
முதல் எந்திரத்தின் தலைமேல்
விளிம்பில் நிறுத்தினேன்.
“ஓட்டு.”

நானூறில் நடுங்கியது.
அறுநூறில் விழுந்து, உருண்டு,
அலமாரிக்கு அடியில் போனது.
ரைவோ மண்டியிட்டு எடுத்துக் கொடுத்தான்.
அதன் பிறகு என்னிடமே பேசினான்.

இரண்டாவது சிவப்பு. அழகி.
எண்ணூறு வரை தாங்கினாள்.
ஆனால் நிறுத்தும் பொத்தான் இடது கோடியில்;
கட்டை பறக்கிற நேரத்தில்
அதன் குறுக்கே கை நீட்ட வேண்டும்.
வேண்டாம் என்றது உதடு.

மூன்றாவது மூலையில் கிடந்தது.
சாம்பல் நிறம், குட்டைக் கால்,
வார்ப்பிரும்பு, இருநூற்றுத் தொண்ணூறு கிலோ.
பொத்தானுக்குக் காந்தம்;
என் இடுப்பருகே ஒட்டிக்கொண்டேன்.
ஆயிரம்.
ஆயிரத்து இருநூறு.
நாணயம் நின்றது.
நான்தான் அசைந்தேன்,
விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்க.

வீட்டில் கணக்கு உதைத்தது.
பட்டறை என்று நான் சொல்வது
எங்கள் பழைய சவுனா. பைன் பலகைத் தரை.
எய்னார் ஒரு முறை குதித்துப் பார்த்தான்.
ஜன்னல் கண்ணாடி பதில் சொன்னது.
“தரையை உடைத்தால் அடுப்பும் போகும்.”
“போகும்.”
சனிக்கிழமைகளை நினைத்தானோ,
கடப்பாரையை எங்கே வைத்தோம் என்று நினைத்தானோ,
நெடுநேரம் நின்றான்.
பிறகு கடப்பாரையோடு வந்தான்.

ஜூனில் நான்கு பேர் இறக்கினார்கள்.
எந்திரத் தலையில் ஒட்டுநாடா,
அதன் அடியில் என் இரண்டு யூரோ.
மறந்தே போயிருந்தேன்.
நாணயமான பையன்.

புதுக் காங்கிரீட்மேல், முதல் கட்டையாக,
வேலியோரம் வெட்டிய ஜூனிப்பர்.
கையகலம்தான், முடிச்சு முடிச்சாய்.
உளி தொட்டது.
சீவல் சுருண்டு சுருண்டு
என் கழுத்துக்குள் இறங்கியது.
கடைவாய்ப் பல் ஒன்றும் சொல்லவில்லை.

உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து
மூக்கைத் தூக்கிக் கத்தினான் எய்னார்:
“சவுனாவை யார் மூட்டியது?”

சூப்புக்கு ஆகாது இந்தக் கிண்ணம்.
உப்பு வைக்கலாம்.