ஏழாவது வரைவு

லீபாயா துறைமுகத்துக் காற்று
கொடிக்கம்பத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.
பாலாடைக்கட்டியில் உலோகத் துண்டு.
நான் அறிக்கை எழுதுகிறேன்.

முதல் வரைவில் "தவறு செய்தோம்" என்றிருந்தது.
வழக்கறிஞர் அதைத் "தவறு நேர்ந்துவிட்டது" ஆக்கினார்,
மழை பெய்ததைச் சொல்வதுபோல.
பதினோரு பேர் "சிலர்" ஆனார்கள்.
நான்காம் வரைவில் சிலரும் காணாமல் போனார்கள்.
"பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு" என்று
ஒரு வரி கேட்டார் இல்மார்ஸ். சேர்த்தேன்.

பதினான்கு வருடம்.
எந்தச் சொல் எத்தனை எடை என்று
தூக்கிப் பார்க்காமலே தெரியும் எனக்கு.
வெள்ளி மாலை ஐந்து மணிக்கு அனுப்பும் செய்தியைத்
திங்கள்கிழமை யாரும் தேடுவதில்லை என்பதும்.
அதற்குத்தான் சம்பளம்.

ஏழாவது வரைவில் குறை சொல்ல எதுவுமில்லை.
சொல்லவும் எதுவுமில்லை.

இரவு பத்தரைக்குத் தொலைபேசி.
நிருபர் விஸ்மாவாக இருக்கும் என்று
குரலைச் சீராக்கிக்கொண்டு எடுத்தேன்.

லாரி ஓட்டுகிறவராம், குல்டீகாவில் வீடு.
மகளுக்குக் கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது.
கத்தவில்லை, இழப்பீடு பற்றிப் பேச்சே இல்லை.
"எதிலிருந்து வந்த துண்டு அது?
தூங்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்."

திரையில் ஏழாவது வரைவு.
மேலிருந்து கீழாக ஒருமுறை தேடினேன்,
ஆறு வயதுக்குச் சொல்ல ஒரு வரி.

"வெட்டும் இயந்திரத்தின் கத்தி," என்றேன்.
"செவ்வாய்க்கிழமையே எங்களுக்குத் தெரியும்."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம்.
"உங்கள் பெயர்?"

ட்ஸிந்த்ரா.
எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு
அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.