மூன்றாம் காவலன்

ஞாயிறு இரவு, பாசிர் ரிஸ் போகும் ரயில்.
கைபேசியில் அரசன் பேசிக்கொண்டே இருக்கிறான்:
ஆயிரமாண்டுச் சாபம், கடல்நாகம், உடைந்த கிரீடம்.
தட்டித் தட்டித் தாண்டுகிறேன்.
எழுதியவனுக்கே அலுத்திருக்கும்.

பாலத்தில் ஓர் ஈட்டிக்காரன்.
பெயர் வைக்கவில்லை, மூன்றாம் காவலன்.
உயிர்ப்புள்ளி ஒன்பது.
'சம்பளம் வந்ததும்
இந்தக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிடணும்' என்றான்.
அவ்வளவுதான் அவனுக்கு வசனம்.

வியூகப்படி இந்தச் சுற்றில் அவன் சாகவேண்டும்.
செத்தால் கோட்டை எனக்கு.

தானா மேரா போயிற்று.
சீமெய். தெம்பனிஸ்.
அவன் நிற்கும் கட்டம் மின்னிக்கொண்டே இருக்கிறது.
எதிர் இருக்கையில் மொட்டைத்தலைப் பையன்கள்,
பச்சைச் சீருடை, மடியில் பை;
தூக்கத்தில் ஒருவன்
கன்னத்தைப் பிடித்திருக்கிறான்.

கோட்டையை விட்டுவிட்டேன்.
அரசன் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.