முப்பத்தெட்டு

மேல்நிலைத் தொட்டியிலிருந்து நூறு கிளம்புகிறது.
தெருக்களுக்கு அறுபத்திரண்டுதான் போய்ச் சேருகிறது.
இடையில் இறங்கிக்கொண்ட முப்பத்தெட்டைத் தேடத்தான்
எனக்குச் சம்பளம்.

இரவு ஒன்றே முக்கால். செல்லூர்.
பரோட்டாக் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.
தறிகளும் ஓய்ந்துவிட்டன.
கம்பியின் ஒரு முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைக்கிறேன்.
"ரோட்டுக்குக் காய்ச்சலா மேடம்?"
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் கேட்கிறான்.
இருக்கும் என்கிறேன்.

மண்ணுக்குள் நிறையச் சத்தம்.
டிரான்ஸ்பார்மர் ஒரே சுருதியில் உறுமும்.
சாக்கடைக்கு அவசரமே கிடையாது.
கூடல்நகர் தாண்டுகிற ரயில்
காதுக்கு முன்னால் முழங்காலுக்கு வரும்.
கசிவு வேறு மாதிரி.
பல்லில் வலி வந்தவன் காற்றை இழுப்பதுபோல
ஸ்ஸ்ஸ் என்று,
இழுத்த மூச்சை விடாமலே.

குழாய் கிழக்கே போகிறது என்கிறது வரைபடம்.
வால்வு திறக்கிற ஒச்சப்பன் மேற்கே கைகாட்டுகிறார்.
இரண்டையும் மடித்து வைத்துவிட்டு நடந்தேன்.
கத்திரி வெயிலில் தெருவே வெந்து கிடக்க
ஒரு சுவரோரம் முழம் நீளத்துக்கு அருகம்புல்.
அதற்கு மட்டும் ஐப்பசி.

புல்லுக்கு நடுவே சின்னக் குழி, குழி நிறையத் தண்ணீர்,
பக்கத்தில் மஞ்சள் பூசிய கல்.
ஊத்துக்காரி என்று பேராம்.
மூன்று கோடையாக வற்றவில்லையாம்.
செவ்வாய் வெள்ளி விளக்கு,
கண்வலி வந்த பிள்ளைக்கு இரண்டு சொட்டு.

கம்பியை ஊன்றினேன்.
காது அடைத்துப்போயிற்று.
முப்பத்தெட்டில் ஒன்றரையாவது இங்கே இருக்கும்.

அதே தெருவின் கோடியில் பதினோரு வீடு.
முன்வீடுகள் மோட்டார் போட்டு உறிஞ்சியது போக
அவர்கள் குழாயில் காற்று வரும், சில நாள் எறும்பு வரும்.
லாரியில் குடம் பன்னிரண்டு ரூபாய்.
மலையடியிலிருந்து பெரிய குழாய் வருகிறது என்று
மேடையில் சொல்லிப் போனார்கள்.
வரட்டும், வேண்டும்தான்.
ஓட்டைக் குடம் இன்னும் வேகமாக நிரம்பி
இன்னும் வேகமாக ஒழுகும்.

காலை ஆறு மணிக்குக் கடப்பாரையோடு போனால்
சங்கிலியம்மாள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள்.
கோடியில் ஒன்பதாவது வீடு, விளக்குப் போடுகிறவள்.
சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.
கல்லை அவளே பெயர்த்து எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
நாலடி தோண்டும் வரை கண் எடுக்கவில்லை.

ஈயம் காய்ச்சி ஊற்றிய பழைய மூட்டு
வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.
அறுத்தோம். புதுத் துண்டு. புது வளையம்.
மண்ணைத் தள்ளி மிதித்தோம்.

சாயங்காலம் ஒச்சப்பன் பதினாலு சுற்று திறந்தார்.
கோடி வீடுகளில் முதலில் ஒரு இருமல்,
பிறகு டீ நிறத்தில் கொஞ்சம்,
பிறகு தண்ணீர்.
யாரோ தட்டைத் தட்டினார்கள்.
ஒரு பையன் சட்டையோடு தலையை நீட்டினான்.

சங்கிலியம்மாள் இடுப்பில் கல்லோடு வந்தாள்.
"வீட்ல வருது" என்றாள்.
நன்றி என்று வரும், கூச்சப்படலாம் என்று நின்றேன்.
"இவள நான் எங்க வைக்க?"
மூடிய மண் அதற்குள் வெளுத்திருந்தது.
ஒச்சப்பன் சாவியைத் துடைக்கத் தொடங்கினார்.

அறிக்கையில் எழுதினேன்:
மூட்டுப் பழுது, சரிசெய்யப்பட்டது.
கோடி முனை அழுத்தம் கூடியிருக்கிறது.
அந்தப் படிவத்தில் மற்றதற்குக் கட்டம் இல்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன்.
அவள் வீட்டு வாசல் குழாயடியில் கல் இருந்தது,
புது மஞ்சளோடு.
குழாயை முழுக்க மூடாமல் விட்டிருந்தாள்.
கல்லின் உச்சியில் சொட்டு,
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

நிமிடத்துக்குப் பத்து என்று எண்ணினேன்.
அதுவும் முப்பத்தெட்டில் சேர்ந்ததுதான்.
எழுத வேண்டும்.
பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு
அடுத்த தெருவுக்குப் போனேன்.